வீரகத்தி அத்தானின் வயிற்றுப் படம்

வயதாகி இறந்த வீரகத்தி அத்தானுக்கு நேற்று முப்பத்தோராம் நாள் அமுது படைத்தோம். பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் அவருடைய எருமைத் தயிரைப் பற்றித்தான் பேசினார்கள். சட்டியைக் கவிழ்த்துப் பிடித்தாலும் விழாத தயிர் என்றார் ஒருவர். அப்படிக் கவிழ்த்துக் காட்டப்போய் ஒருநாள் தபால்காரரின் தலையில் விழுந்ததே என்றார் மற்றவர். சிரித்தார்கள். அக்கா எல்லோருக்கும் கறி வைத்துக்கொண்டு போனாள். தயிரைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல இன்னொன்று இருக்கிறது. அதை முழுதாக அறிந்தவர்கள் நானும் அக்காவும்தான். அக்கா எழுத மாட்டாள்.

அத்தான் பிறந்தது கரடியனாற்றுப் பக்கம், மாடு வளர்க்கும் குடும்பத்தில். எங்கள் ஊர், நாங்கள் ஆறு என்று சொல்லும் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் இருக்கிறது. எங்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கட்டியவர் வந்து சேர்ந்துகொள்வார். அத்தான் என் அக்கா தெய்வமணியைக் கட்டி எங்கள் வளவுக்கு வந்தபோது இரண்டு எருமைகளையும் நடத்திக் கூட்டி வந்தார். மாப்பிள்ளை தோழர்களோடு வந்திருக்கிறார் என்று ஊர் பகிடி பண்ணியது. அவர் கோபிக்கவில்லை. “தோழிமார். ரெண்டும் நாகு” என்று திருத்தினார்.

நான் வந்தாறுமூலையில் பட்டப்படிப்பை முடித்து, நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்த காலம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வாவிக்கு இந்தப் பக்கம் இயக்கம், அந்தப் பக்கம் ஆமி. இடையில் மண்முனைத் துறையில், ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவை ஓடும். அத்தான் சைக்கிளில் தயிர்ச்சட்டிகளை அடுக்கிக்கொண்டு அதில் ஏறி நகரத்துக்குப் போவார். அக்கரைக் காவல் சென்றியில் ஆமிக்காரர் ஒவ்வொரு சட்டிக்குள்ளும் சைக்கிள் கம்பி ஒன்றை விட்டுக் குத்திப் பார்ப்பார்கள். சிங்களத்தில் தயிருக்குச் சொல்லும் ‘மீகிரி’யையே அவருக்குப் பெயராக வைத்திருந்தார்கள். குத்துப்பட்ட தயிரை யார் வாங்குவார்கள் என்று நான் கேட்டேன்.

“ஏன் மச்சாள், நல்லா வாங்குறாங்க. ஆமி பரிசோதிச்ச தயிர், பயமில்லாமச் சாப்பிடலாம் எண்டு சொல்லி விக்கிறன்” என்றார்.

அவரிடம் ஒரு குறை இருந்தது. கெட்ட செய்தி எதையும் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார். சென்றியில் சைக்கிளைப் பறித்து வைத்திருந்தால் நடந்து வந்து, நடப்பது உடம்புக்கு நல்லது என்பார். அதனால்தான் அவர் மெலியத் தொடங்கியதை நாங்கள் எல்லோரும் பிந்திக் கண்டோம்.

சாரனை இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றிக் கட்டினார். பின்னேரங்களில் உடம்பு காய்ந்தது. சோற்றில் பாதியை நாய்க்கு வைத்தார். அக்கா கேட்டால் வெக்கை என்றார், பல்லு நோ என்றார். வயிறு மட்டும் மெல்ல முன்னுக்கு வந்தது. “எனக்கும் போடியார் வண்டி வருதுகா” என்று, நிலக்காரப் பணக்காரரின் தொந்தியைப் போல அக்காவிடம் தட்டிக் காட்டினார். அக்காவும் பாதி நம்பினாள்.

ஒரு காலை நகரத்துச் சந்தைக்குப் பக்கத்தில், சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, வலது அடிவயிற்றைக் கையால் அமத்திக்கொண்டு அவர் குந்தியிருப்பதைக் கண்டேன். முகமெல்லாம் வியர்வை. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார்.

“சும்மா, களைப்பு ஆறுறன் மச்சாள்.”

“களைப்பு ஆறினது காணும். சைக்கிளை விட்டுத்து வாங்க, ஆஸ்பத்திரிக்கு.”

“தயிர் புளிச்சிரும்.”

“புளிக்கட்டும்.”

டொக்டர் அருமைநாயகம் அவருடைய வயிற்றை நெடுநேரம் தடவிப் பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். வலது பக்கம் கீழே கையில் ஒரு கட்டி தட்டுகிறது என்றார். நெஞ்சுப் படம் எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. அத்தானை வெளியே இருத்திவிட்டு என்னிடம் சொன்னார்: “சிறுகுடல் போய்ப் பெருங்குடலில சேருற இடம். கான்சரா இருக்கலாம். வேற ஏதுமா இருக்கலாம். திறந்து பார்க்கிறதுக்கு முதல் படத்தில பார்ப்பம். இந்த உடம்பு கத்தி தாங்குமா எண்டு எனக்குச் சந்தேகம்.”

அடுத்த நாள் வெறுவயிற்றோடு வரச் சொன்னார்கள். முதலில் சாதாரணப் படம் ஒன்று. பிறகு பேரியம் என்ற வெள்ளை மருந்தைக் குடிக்கக் கொடுத்து, அது குடலில் இறங்க இறங்கப் படங்கள். அத்தான் அன்றிரவு நகரத்தில் தன் கூட்டாளி ஒருவருடைய வீட்டில் தங்கினார். தயிர்க் காசு வாங்க நிற்பதாக அக்காவுக்கு ஆள் சொல்லி அனுப்பியிருந்தார்.

எக்ஸ்ரே எடுப்பவர் அஹமட். வாய் ஓயாத இளைஞர்.

“அண்ணன், உடம்புல இரும்பு, செம்பு, வெள்ளி ஏதும் இருந்தாக் கழட்டி வைங்க.”

“நான் பொண்டாட்டி வீட்டில இருக்கிற ஆள் தம்பி. என்னட்ட எங்க வெள்ளி?”

அஹமட் சிரித்துக்கொண்டு உள்ளே கூட்டிப் போனார். சற்று நேரத்தில் டொக்டர் எங்கள் இருவரையும் அழைத்தார். வெளிச்சப் பெட்டியில் படம் தொங்கியது. இடுப்பெலும்பும் முள்ளந்தண்டும் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. வலது பக்கம், டொக்டர் கட்டி இருக்கிறது என்று சொன்ன அதே இடத்தில், பென்சில் துண்டு போல வெள்ளையாக ஒன்று படுத்துக் கிடந்தது. அதைச் சுற்றி அரிசிக் குறுநொய் சிந்தியது போலச் சில வெள்ளைப் பொட்டுகள்.

“இது என்ன?” என்று டொக்டர் கேட்டார்.

அத்தான் கிட்டப் போய்ப் பார்த்தார். உண்மையாகவே வியந்து போனார்.

“அச்சரக்கூடு ஐயா. அதப் பின்னுக்கு விட்டுத்துத்தானே படுத்த நான்? எப்படி முன்னுக்கு வந்த?”

டொக்டர் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். “எக்ஸ்ரேக்கு முன்னுக்கு, பின்னுக்கு ஒண்டும் இல்ல. ஊடுருவிப் போகும். முதுகில ஒளிச்சாலும் காட்டும்.”

அரைஞாண் கயிற்றில் கட்டிய செப்புத் தாயத்துக்கூடு அது. அதை முதுகுக்கு நடுவே தள்ளப் பார்த்திருக்கிறார். வயிறு வீங்கிக் கயிறு இறுகியிருந்ததால் அது வலது இடுப்புக்குப் பின்னால் நின்றுவிட்டது.

“சுத்திவர இந்தப் பொட்டுகள்? கயித்தில மணி கோத்திருக்கா?”

கயிறு கறுப்புச் சீலையால் சுற்றித் தைக்கப்பட்டிருந்தது. “உள்ளுக்கு என்னத்த வெச்சுத் தைச்சாவோ, எனக்குத் தெரியா ஐயா” என்றார் அத்தான்.

“சரி. கழட்டிப்போட்டு வாங்க. இன்னொருக்கா எடுப்பம்.”

“அது ஏலா ஐயா.”

“ஏன்?”

“கட்டின கைதான் அவிழ்க்கணும். கட்டினது என்ட மனிசி.”

அஹமட் இரங்கிப் பேசினார். தன் வாப்பாவும் தாயத்துக் கட்டியிருந்தவர்தான், குளிக்கும்போது கழற்றி வைப்பார், ஒன்றும் நடக்கவில்லை என்றார். அத்தான் அதையெல்லாம் மரியாதையோடு கேட்டார். டொக்டருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

“இந்தக் கூடு மறைக்கிற இடத்திலதான் உங்கட வருத்தம் இருக்கு. அத மறைச்சா நான் வயித்தத் திறந்துதான் பார்க்கணும். விளங்குதா?”

“விளங்குது ஐயா. திறங்க.”

“திறக்கேக்க இதையும் கழட்டத்தானே போறம்?”

“அப்ப நான் மயக்கத்தில எல்லோ கிடப்பன்? நான் கழட்டினதா ஆகாதே.”

டொக்டர் என்னைப் பார்த்தார். பேரியத்தை அன்று கொடுக்க வேண்டாம் என்று அஹமட்டிடம் சொல்லிவிட்டு, இரண்டு நாள் தவணை தந்தார். நான் அத்தானை வெளி வாங்கில் இருத்திக் கேட்டேன். அவர் கூடு, பேய் என்று பெரிதாக நம்புகிறவர் அல்ல.

“இவ்வளவு பிடிவாதம் ஏன் அத்தான்?”

அவர் சட்டைக்கு மேலாகவே கூட்டைத் தடவினார். “தொண்ணூறில ஆமிக்காரர் என்னக் கொண்டுபோய் வெச்சிருந்து விட்டாங்களே. நான் திரும்பி வந்த அண்டைக்கு உங்கட அக்காட முகத்த நீங்க காணல்ல. கண்ணகை அம்மன் கோயில்ல பூசை செய்யிற கட்டாடியார் மந்திரிச்சுக் குடுக்க, அவதான் கட்டின. முடிச்சுப் போட்டதுக்குப் பிறகுதான் அண்டைக்குச் சோறு திண்ட. இது இடுப்பில கிடக்குது எண்டுதான் என்ன ஒவ்வொரு நாளும் ஆத்தக் கடக்க விடுறா. நான் கழட்டினன் எண்டு தெரிஞ்சா அவ மறுகா நித்திரை கொள்ள மாட்டா.”

“நீங்க செத்துப் போனா நித்திரை கொள்ளுவாவா?”

“மச்சாள், அவட்டச் சொல்லாதீங்க.”

நான் அன்று பின்னேரமே பாதையில் ஏறி ஊருக்குப் போனேன்.

அக்கா அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல அகப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். கட்டி என்றேன். கான்சர் என்ற சொல்லையும் மறைக்காமல் சொன்னேன். கூட்டைக் கழற்றாமல் வயிற்றைத் திறக்கச் சொன்னதைச் சொன்னதும் அகப்பை நின்றது.

“விசரா அந்தாளுக்கு? அம்மன் என்ன, ஆளக் காப்பாத்தக் கட்டினதா, கயித்தக் காப்பாத்தக் கட்டினதா?”

பிறகு பால் பொங்கி அடுப்பில் ஊற்றியது. அவள் அதை இறக்கவில்லை. நான்தான் இறக்கினேன். அத்தானைக் கொண்டுபோன நாளிலிருந்து அக்கா வாவியைக் கடந்ததே இல்லை. அக்கரையில் நடந்த கலியாணத்துக்கும் போகவில்லை, சாவுக்கும் போகவில்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

தவணை நாள் காலையில் அவள் முழுகி, கோயிலுக்குப் போவது போல வெள்ளைச் சேலை ஒன்றை உடுத்து, கையில் ஒரு தயிர்ச்சட்டியோடு வந்து நின்றாள். எதற்கு என்றேன். டொக்டருக்கு என்றாள். பாதையில் என் கையைப் பிடித்திருந்தாள். இறங்கும்போது என் விரல்கள் மரத்துப் போயிருந்தன. சென்றியில் ஆமிக்காரன் சட்டியைப் பார்த்துவிட்டு, “மீகிரி கோ?” என்று ஆளைத் தேடினான். ஆஸ்பத்திரி என்றேன். அவன் கம்பியை எடுத்துத் தயிருக்குள் விட்டான். அக்கா என்னோடு ஒட்டிக்கொண்டுதான் நின்றாள். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“மெதுவாக் குத்துங்க தம்பி, ஆடை கிழியும்.”

அவனுக்குத் தமிழ் விளங்கியிருக்காது. இருந்தாலும் அடுத்த குத்தை மெதுவாகத்தான் குத்தினான்.

எக்ஸ்ரே அறை வாசலில் அத்தான் அக்காவைக் கண்டார். எழும்பினார், இருந்தார், மறுபடியும் எழும்பினார்.

“நீ எப்படிகா வந்த?”

“ஆத்தால. நீங்க வாற வழியாலதான். கிறுகுங்க.”

“இதில வெச்சா? சனம் பாக்குது.”

“பாக்கட்டும். கிறுகுங்க எண்டன்.”

அவர் திரும்பி நின்று சட்டையை உயர்த்தினார். கயிறு வயிற்றுச் சதையில் பதிந்து தடம் போட்டிருந்தது. அக்கா அதைத் தடவினாள். அவ்வளவு மெலிவையும் அவ்வளவு வீக்கத்தையும் அவள் அன்றுதான் வெளிச்சத்தில் பார்த்தாள். முடிச்சு எண்ணெயும் வியர்வையும் ஊறி இறுகிக் கிடந்தது. அஹமட் கத்தரிக்கோல் கொண்டுவந்தார். அவள் வாங்கவில்லை, குனிந்து பல்லால் இழுத்தாள். “தாயே, கட்டின கையேதான் அவிழ்க்குது, குறை நினையாத” என்று அவள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. முடிச்சு விட்டதும் கூட்டைச் சேலைத் தலைப்பில் பொதிந்து கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“அக்கா, நீங்க உள்ளுக்கு நிக்க ஏலா” என்றார் அஹமட்.

“கதவுல கை வெச்சுக்கொண்டு நிக்கலாமா?”

“கதவுல வைங்க. அது ஒண்டும் செய்யா.”

முதல் படம் வந்தது. டொக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். பென்சில் துண்டு போய்விட்டது. பொட்டுகள் அப்படியே நின்றன.

“கயித்துக்குள்ள மணி ஏதும் வெச்சுத் தைச்சீங்களா அம்மா?”

“மணியா? என்ட பழைய சேலைக் கிழிசல். வேற ஒண்டும் இல்ல ஐயா.”

டொக்டர் கதிரையை இழுத்துப் படத்துக்கு முன்னால் இருந்தார். குடலைத் தாங்கும் சவ்வில் சின்னச் சின்ன நிணநீர் நெறிகள் இருக்கும், கசம், அதாவது காசநோய், பிடித்தால் அவற்றில் சில நாள்போக்கில் சுண்ணாம்பு படிந்து கல்லாகும், அவைதான் இப்படி வெள்ளையாகத் தெரியும் என்று சொன்னார்.

“கசம் நெஞ்சிலதானே ஐயா வரும்?” என்றார் அத்தான். “இருமலே இல்லையே எனக்கு.”

“குடலுக்கும் வரும். நெஞ்சு சுத்தமா இருக்கவும் வரும். எருமைப் பால் பச்சையாக் குடிப்பீங்களா?”

“கறந்த சூட்டோட ஒரு சிரட்டை. சின்னப் பிள்ளையில இருந்து.”

“அதால வந்ததா, வேற ஆளிட்ட இருந்து தொத்தினதா, சொல்ல ஏலா. இனிமேல் காய்ச்சிக் குடிங்க.”

பிறகு பேரியம். அஹமட், தயிர் மாதிரித்தான் இருக்கும் என்று தைரியம் சொல்லிக் கோப்பையை நீட்டினார். அத்தான் ஒரு வாய் விழுங்கிவிட்டு முகத்தைச் சுளித்தார். “தம்பி, இதத் தயிர் எண்டு ஆரும் வித்தா அந்தாளப் பொலிசில குடுங்க.” மதியம் தாண்டியும் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் மேசையில் ஏறிப் படுக்க, அக்கா கதவில் கை வைத்துக்கொண்டு நின்றாள். வெள்ளை மருந்து குடலில் அகலமாக இறங்கி வந்து, கடைசியில் நூல் போல ஒடுங்கியது. பெருங்குடல் தொடங்கும் பை சுருங்கி, இருக்கவேண்டிய இடத்தைவிட மேலே இழுபட்டிருந்தது. பிறகு ஸ்கான் கருவியை வயிற்றில் வைத்துப் பார்த்தார் டொக்டர். உள்ளே நீர், அந்த நீருக்குள் மெல்லிய இழைகள் ஆடின.

“பாலுக்கு உறை போட்டுத் திரளுற மாதிரிக் கிடக்கே ஐயா” என்றார் அத்தான், தன் வயிற்றையே திரையில் பார்த்துக்கொண்டு.

“கிட்டத்தட்ட அதுதான்.”

அந்த நீரில் கொஞ்சத்தை ஊசியால் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். சண்டையில் வீதிகள் கிடந்த கிடையில் பதில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. டொக்டர் அக்காவைப் பார்த்தே சொன்னார்: “நாலு பக்கத்தாலயும் பார்த்தா எனக்குக் கசம் எண்டுதான் படுது. நூறு வீதம் எண்டு சொல்ல மாட்டன். கத்திய ஒதுக்கி வெச்சிட்டுக் கசத்துக்குக் குளிசை மருந்தத் தொடங்குவம். ரெண்டு மாசத்தில காய்ச்சல் விட்டு நிறை கூடினா நான் நினைச்சது சரி. கூடாட்டி, அது மற்றதுதான். பிறகு திறக்கத்தான் வேணும்.”

அக்கா தயிர்ச்சட்டியை அவருடைய மேசையில் வைத்தாள். கூட்டை அத்தானுடைய புயத்தில் கட்டினாள். “இனி எத்தின படம் எண்டாலும் பிடிக்கட்டும்” என்றாள். கட்டி முடித்து, முடிச்சை விடாமல் பிடித்துக்கொண்டே கேட்டாள்: “இனிமேல் உடம்பில ஒண்டையும் எனக்கு மறைக்க மாட்டன் எண்டு சொல்லுங்க.” அவர் சொன்னார். அஹமட் சாட்சி.

சொன்னதைக் கடுமையாகக் கடைப்பிடித்தார். குளிசை போட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று டொக்டர் முன்னமே சொல்லியிருந்தார். அடுத்த நாள் விடிய அத்தான் வேலிக்கரையில் நின்று, “தெய்வமணி, ஓடி வா, மறைக்கமாட்டன் எண்டு சொன்னனே, வந்து பாரு” என்று ஊர் கேட்கக் கூப்பிட்டார். அக்கா முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

ஆனால் நிறை கூடவில்லை. எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் நெல் நிறுக்கும் தராசு ஒன்று இருந்தது. அக்கா கிழமைக்கு ஒருமுறை அவரை அங்கே கூட்டிப்போய் மேலே ஏற்றினாள். மனேஜர் கனகசிங்கம் மூட்டைகளை ஒதுக்கி இடம் விடுவார். முதல் மாதம் முள் கீழேதான் போனது. வயிற்று நீர் வற்றுவதால் அப்படி இருக்கலாம் என்று நான் சொன்னேன், எனக்கே நம்பிக்கை இல்லாமல். காய்ச்சல் விட்டிருந்தது. பசி கொஞ்சம் வந்தது. அக்கா வீடு வந்து, சோற்றில் இன்னும் ஒரு அகப்பை போடுவாள். அவள் இரவில் எழும்பி அவருடைய வயிற்றில் கை வைத்துப் பார்க்கிறாள் என்று அத்தான் எனக்குச் சொன்னார். “நித்திரை மாதிரிக் கிடப்பன் மச்சாள். என்ன செய்யிற?”

இரண்டாம் மாதம் முடியப்போகும் ஒரு சனிக்கிழமை. நானும் ஊரில் நின்றேன். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அத்தான் தராசில் ஏறினார். கனகசிங்கம் குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“கூடியிருக்கு தெய்வமணி. மூண்டு கிலோவுக்குக் கிட்ட.”

யாரோ கைதட்டினார்கள். அக்கா சிரிக்கவில்லை. அத்தானை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“இறங்குங்க.”

“ஏன்கா?”

“இறங்குங்க எண்டன்.”

அவர் இறங்கினார். அத்தனை பேருக்கும் முன்னால் அவள் அவருடைய சாரன் மடிப்பை உதறிப் பார்த்தாள். சட்டைப் பையைத் தடவினாள். மடியில் வெற்றிலைச் சரை ஒன்று இருந்தது. எடுத்து என் கையில் தந்தாள்.

“கல்லக் கில்ல மடியில வெச்சிருக்கிறாரோ எண்டு பார்த்தன்” என்றாள் கனகசிங்கத்திடம். “இந்தாள நம்ப ஏலா. நான் கவலப்படப் போறன் எண்டு அதையும் செய்வார். மறுகா ஒருக்கா நிறுங்க.”

கடை முழுதும் சிரித்தது. அத்தான் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு மறுபடியும் தராசில் ஏறினார். முள் ஆடி, அதே இடத்தில் வந்து நின்றது.

அக்கா குனிந்து தானே பார்த்தாள். அவளுக்கு அந்தத் தராசின் கோடுகள் வாசிக்கத் தெரியாது. இருந்தும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தராசுத் தட்டிலேயே, அவருடைய காலடியில், முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு குந்திவிட்டாள்.

“ஒழும்புகா” என்றார் அத்தான். “நீ இருந்தா என்ட நிறை எல்லாம் பிழைச்சுப் போகும்.”